கட்டமாய் வந்த எண்கள்

1

இந்தக் கதை ஒரு கல்யாண அழைப்பிலிருந்து வந்தது. பரமக்குடி சாந்தாராம் தன் மகள் கல்யாணத்துக்கு வாட்ஸப்பில் அழைத்திருந்தார். தேதியும் நேரமும் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள். என் போனைத் திட்டிவிட்டு, ஒரு நண்பரிடம் தேதியைக் கேட்டுக்கொண்டேன். கதை அங்கேயே முடிந்திருக்கும்.

2

ராமேஸ்வரத்தின் அலைகள் அன்று

[அடித்துவிட்டேன். லாட்ஜ் மேசையிலிருந்து அலை தெரியாது.]

சாந்தாராமின் அண்ணன் கோவர்த்தனன் ராமேஸ்வரத்தில் லாட்ஜ் மேனேஜர். வீட்டில் பேசும் சௌராஷ்டிர மொழியை அதன் சொந்த எழுத்தில்தான் எழுத வேண்டும், எண்கள் உட்பட, என்பவர். தமிழ் எழுத்தே போதும் என்றார் தம்பி. அப்பாவின் கருமாதிப் பத்திரிகையில் மூண்ட சண்டை, பல வருஷமாகப் பேச்சில்லை. (இதற்கெல்லாமா சண்டை என்பீர்கள். நானும் கேட்டேன். இருவருமே முறைத்தார்கள்.)

நேற்று அந்த லாட்ஜுக்குப் போனபோது கோவர்த்தனன் தன் போனை நீட்டினார். அதே கட்டங்கள்.

"தேதிய மறைச்சு அனுப்பிருக்கான். வராதேன்னு நேராச் சொல்லிருக்கலாம்ல."

எனக்கும் இப்படித்தான் வந்தது என்றேன், காதில் வாங்கவில்லை. கண் கலங்கியிருந்தது. அவர் தூக்கி வளர்த்த பெண்ணின் கல்யாணம். எனக்குப் பாவமாக இருந்தது.

3

திரும்பும் பஸ்ஸில் சாந்தாராமிடம் பேசினேன். அண்ணனைச் சமாதானம் செய்யத்தான் தேதியையும் நேரத்தையும் சௌராஷ்டிர எண்களில் போட்டிருக்கிறார். அவற்றுக்கு யூனிகோடில் இடம் கிடைத்து வருஷங்களாகின்றன. ஆனால் எழுத்துரு இல்லாத போனில் கட்டம்தான் தெரியும். மனுஷன் தன் போனில் மட்டும் சரிபார்த்திருக்கிறார். அதில்தான் எழுத்துருவை ஏற்றி வைத்திருக்கிறாரே!

நீங்களே சொல்லிவிடுங்கள் என்றேன். தான் அழைத்தால் அண்ணன் எடுப்பதில்லை என்றார்.

4

முதல் முடிவு: அண்ணன் மண்டபத்துக்குள் நுழைய, தம்பி ஓடிவந்து... வேண்டாம், சினிமா.

இரண்டாவது: அவர் வரவே இல்லை. இதை எழுதும்போது என் மீதே எரிச்சல் வந்தது. கல்யாணம் நாளைக் காலை. நானோ ஒரு மனுஷனின் துக்கத்துக்கு வாக்கியம் தேடிக்கொண்டிருக்கிறேன். எழுதுவதை நிறுத்திவிட்டு லாட்ஜுக்குப் போன் போட்டேன்.

"அது கட்டம் இல்லண்ணே. ஒங்களுக்காக ஒங்க எழுத்துல போட்ட நம்பரு."

நாளைக் காலை ஏழு மணிக்கு முகூர்த்தம் என்றும் சொன்னேன். அந்தப் பக்கம் யாரோ ரூம் சாவி கேட்டார்கள். அவர் எடுத்துக் கொடுத்த சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஏழு சரியாப் போட்டிருக்கானா? அதுலதான் எப்பவும் கோட்டை விடுவான்."

அவர் கல்யாணத்துக்கு வந்தாரா என்று நான் எழுதப்போவதில்லை. ராமேஸ்வரத்திலிருந்து பரமக்குடிக்கு விடியுமுன்னே பஸ் உண்டு. மீதியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.