எட்டிப் பார்க்கும் வியாதி

மருத்துவமனையின் தோல் வளர்ப்புக் கூடத்தில் வேலை பார்த்தவளுக்கு எல்லாரும் வைத்திருந்த பெயர் அவசரம். பொருத்தமான பெயர்தான். அடுப்பில் பால் வைத்துவிட்டு, ஏன் இன்னும் பொங்கவில்லை என்று அதையே முறைத்துக்கொண்டு நிற்பவள். அவளிடம் போய், பொறுமையைத் தவிர வேறெதுவும் கேட்காத ஒரு வேலையைக் கொடுத்திருந்தார்கள்: செல்களை வளர்ப்பது.

இந்தத் தடவை வந்தவை ஒரு பஸ் டிரைவரின் செல்கள். என்ஜின் தீப்பிடித்ததில் அவருடைய வலது கை வெந்துபோயிருந்தது. காதுக்குப் பின்னால் நகத்தளவு தோலை எடுத்து, செல்களைப் பிரித்து, ஊட்டநீர் ஊற்றிய தட்டில் விட்டு, உடம்புச் சூடு மாறாத பெட்டிக்குள் வைத்தாயிற்று. ஒன்று பெருத்து இரண்டாகும், இரண்டு நாலாகும். தட்டு நிறையப்போகும் நேரம் பார்த்துப் பல தட்டுகளுக்கு மாற்றினால் கையை மூடத் தோல் கிடைக்கும். கிடைக்காவிட்டால் அந்தக் கை இனி ஸ்டியரிங்கைப் பிடிக்காது. டிரைவரின் மனைவி வராந்தா பெஞ்சிலேயே குடியிருந்தாள்.

செல்களோ கல்லுளிமங்கனாகக் கிடந்தன. பெட்டிதான் பழுது என்று அவசரம் சாதித்தாள். வந்து பார்த்த மெக்கானிக், பெட்டியில் ஒரு குறையும் இல்லை என்றார். அவர் கருவிகளை எடுத்து வைப்பதற்குள் தலைமை மருத்துவர் வந்து கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார். பின்னாலேயே ஒரு நர்ஸ். பிறகு, சும்மா ஒரு பார்வை என்று அவசரமே திறந்தாள். திறக்கத் திறக்க உள்ளே இருந்த சூடு வெளியே போனது. ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கக் கூடாதா என்பார்கள். இவர்களுக்கு ஆக்கவே பொறுக்கவில்லை.

பெட்டியைப் பூட்டிச் சாவியைக் கணக்கரிடம் கொடுப்பதென்று முடிவாயிற்று. பேனா இரவல் கேட்டால் மூடியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு பேனாவை மட்டும் நீட்டுகிற மனிதர் அவர். ஊட்டநீர் மாற்றும் நாளில் மருத்துவரும் அவசரமும் சேர்ந்து வந்தால்தான் சாவி.

"நான் தனியா வந்து அழுதாலும் கொடுக்காதீங்க சார்," என்றாள் அவசரம். தன்னை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அதன் பிறகு செல்கள் மளமளவென்று பெருகின. பிரித்து மாற்ற வேண்டிய நாளும் வந்தது. அன்றைக்கென்று பார்த்து மருத்துவர் ஓர் அறுவை சிகிச்சைக்குள் போனவர், பொழுது சாயும்வரை வெளியே வரவில்லை. இன்றைக்கு விட்டால் செல்கள் ஒன்றையொன்று நெருக்கி, பிரிவதை நிறுத்திவிடும். பட்ட பாடெல்லாம் வீண். அவசரம் கணக்கரிடம் ஓடினாள். முடியாது என்றார். நிஜமாகவே அழுதாள்.

"அழுதாலும் கொடுக்காதேன்னு சொன்னது நீங்கதானேம்மா," என்றார் கணக்கர். குரலில் துளிக் கேலி இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார், பாவம்.

பெஞ்சிலிருந்து டிரைவரின் மனைவி எழுந்து வந்தாள். "சாவியை யாருக்கும் கொடுக்க வேணாம் சார். நீங்களே வந்து திறங்க."

கணக்கர் அதில் குற்றம் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. எழுந்தார்.

தொப்பியும் முகமூடியுமாய் உள்ளே வந்து பெட்டியைத் திறந்தவர், வந்ததற்கு, அவசரம் தட்டை எடுத்து வைத்த நுண்ணோக்கியிலும் குனிந்து பார்த்தார். ஒரு செல் உருண்டு திரண்டு, நடுவில் ஒடுங்கி, அவர் கண்ணெதிரே இரண்டானது.

"இதுக்கு யாரு அனுமதி கொடுத்தா?"

"யாரும் கொடுக்கலை சார். அதுவாத்தான் பண்ணுது."

அனுமதி கேட்டு வாங்காமல் ஒன்று இரண்டாகி அவர் பார்த்ததே இல்லை. நகர மனமில்லாமல் நின்றார். அவசரம் அவரை ஒதுக்கிவிட்டு, விதியாவது மண்ணாவது என்று டிரைவரின் மனைவிக்கும் ஓர் அங்கியை மாட்டி உள்ளே அழைத்து வந்தாள். இத்தனை நாளில் ஒரு தரம்கூட எட்டிப் பார்க்கக் கேட்காதவள் அவள் ஒருத்திதான்.

அவள் ஒரு கண்ணை மூடிக் குனிந்து, வெகுநேரம் பார்த்தாள்.

"இதெல்லாம் அவரா?"

"எல்லாம் அவர்தான்."

"வீட்டுல ஒரு நாளும் இந்தச் சுறுசுறுப்பு இருந்ததில்ல," என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள். கண்ணீர் முந்திக்கொண்டது.