லிப்ட் மெக்கானிக்கின் அக்கா

அவசரப் பிரிவில் அந்த நர்சை எல்லோரும் குட்டி சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ வைத்த பெயர். வயது ஐம்பதைத் தாண்டி, உடம்பு பெருத்து, முட்டி வலி வந்து, தலை பாதி வெளுத்த பிறகும் அந்தக் ‘குட்டி’ மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. உயிரே வேண்டாம் என்று முடிவெடுத்து, பிழைத்து வருகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார டாக்டர்கள் முதலில் தேடுவது அவளைத்தான். வளவளவென்று பேச மாட்டாள். பேச வேண்டியதைச் சுற்றி வளைக்கவும் மாட்டாள்.

அப்படித்தான் ஒரு லிப்ட் மெக்கானிக்கை ஒரு மதிய நேரத்தில் கொண்டுவந்தார்கள். முப்பத்தைந்து வயது இருக்கும். சிகிச்சை முடிந்ததும் டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

“உடம்பு தப்பிச்சிடுச்சு சிஸ்டர். மனசு இன்னும் அங்கயே நிக்குது. கண்ண எடுக்காம பாத்துக்கோங்க.”

அறையில் ஆபத்தானது எது எது என்று பார்த்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். எடுக்கும்போதே அவனிடம் சொன்னாள்: “உங்க மேல கோபம் இல்ல தம்பி. உங்களுக்கு ஒண்ணும் ஆயிடக்கூடாது, அதுக்குத்தான்.”

அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“தம்பி, நேராவே கேக்குறேன். உயிர விட்டுடணும்ங்கற நினைப்பு இப்பவும் இருக்கா?”

அவன் திரும்பிப் பார்த்தான். “வந்ததுலேர்ந்து எல்லாரும் சாப்டியா, தூங்குனியான்னு கேக்குறாங்க. இத யாரும் கேக்கல.”

“நான் கேக்குறேன்.”

“இருக்கு சிஸ்டர்.”

“சரி. மறைக்காம சொன்னீங்களே, அதுவே பெரிசு. நான் இங்கதான் இருக்கேன். எங்கயும் போகல.”

அதன் பிறகு அவனாகவே சொல்ல ஆரம்பித்தான். சில வாரம் தூக்கமே தேவைப்படாதாம். உலகத்தையே ஒரு கையால் தூக்கிவிடலாம் போலிருக்குமாம். “போன தடவ எங்க தெருவுல இருக்கற ஃபேனையெல்லாம் ரிப்பேர் பண்ணேன். நல்லா ஓடிட்டிருந்ததையும் சேத்துக் கழட்டிட்டேன்.” அப்புறம் ஒருநாள் எல்லாம் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். பல் விளக்கக்கூட எழுந்திருக்க முடியாது. “ஏறுறதும் இறங்குறதும் என் தொழில்தான் சிஸ்டர். ஆனா இதுல பட்டன் என் கையில இல்ல.”

சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு பாதியில் உடைந்து விக்கலும் கேவலுமாக மாறியது. அழாதீங்க என்று அவள் சொல்லவில்லை. அழுது முடிக்கும் வரை அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வேறொரு நர்சை அறையில் உட்கார வைத்துவிட்டு வெளியே வந்தபோது அவனுடைய அக்கா தொலைபேசியில் யாரிடமோ, “வயித்து வலிதான், வேற ஒண்ணுமில்ல,” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தையல் வேலை பார்க்கிறவள். போட்டது போட்டபடி ஓடி வந்திருந்தாள். உடையெல்லாம் நூல் பிசிறு. அம்மாவும் அப்பாவும் போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியது அவள்தான். அதிலேயே கல்யாண வயதும் கடந்துவிட்டது.

“நான் செல்லம் குடுத்துக் கெடுத்துட்டேன்னு சொல்றாங்க சிஸ்டர்.”

“செல்லத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. இது வியாதி. மருந்து இருக்கு. மாத்திரை உங்க கையில இருக்கட்டும். மனசுக்குள்ள அந்த நினைப்பு வருதான்னு வாய் விட்டுக் கேளுங்க.”

“கேட்டா நானே ஞாபகப்படுத்துன மாதிரி ஆயிடாதா?”

“ஆகாது. கேட்டா பாரம்தான் இறங்கும். கொஞ்சம் தெளிஞ்சு வர்ற சமயத்துலயும் கண்ணு அவர் மேலயே இருக்கட்டும்.”

அக்கா ஒவ்வொன்றையும் வாய்க்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மேல்மாடியில் மனநலப் பிரிவில் சில வாரம் இருந்துவிட்டு அவன் வீட்டுக்குப் போனான். டாக்டரைப் பார்க்க வரும்போதெல்லாம் அவனும் அக்காவும் அவசரப் பிரிவு வாசலில் எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை பேசாமல் போக மாட்டார்கள். அப்படி அவர்கள் வந்த ஒரு நாளில்தான் ஆஸ்பத்திரி லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே குட்டி சிஸ்டர் ஒருத்திதான். எத்தனையோ பேரின் நடுக்கத்தைத் தாங்கியவள் அன்று இரண்டு கையாலும் கதவைத் தள்ள ஆரம்பித்தாள். மூச்சு முட்டுவது போலிருந்தது.

வெளியே அவன் குரல் கேட்டது.

“சிஸ்டர், நீங்கதானா உள்ள? கதவத் தள்ளாதீங்க. இடுக்குல காத்து வருது, மூச்சு முட்டாது. இது பத்திரமான பெட்டி சிஸ்டர், எங்கயும் விழாது. ஆள் வர்ற வரைக்கும் பேசிட்டே இருப்போம்.”

ஆள் வந்து திறக்கும் வரை அவன் நகரவில்லை. வியர்த்து வழிய அவள் வெளியே வந்ததும், “குட்டின்னு பேர் வச்சு லிப்ட ஏமாத்திட்டாங்க, அதான் கோவிச்சிட்டு நின்னுடுச்சு,” என்றான். நடைபாதை முழுக்கச் சிரித்தது. அவனுக்குப் பின்னால் நின்ற அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்து வந்த மழைக்காலத்தில் அவன் மறுபடி சரிந்தான். அக்கா உடனே கூட்டி வந்தாள். மருந்தை மாற்றிக் கொடுத்தார்கள். சில நாளில் அவன் முகம் தெளிந்தது. அந்த நினைப்பு வருதா என்று தினமும் காலையில் கேட்பது போல ஒருநாள் அக்கா கேட்டாள். “இல்லக்கா, நல்லா இருக்கேன். நீ கிளம்பு,” என்றான். தைத்த துணியைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று பக்கத்துத் தெரு வரை போனாள். அவ்வளவுதான்.

அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தவரின் நெஞ்சை அழுத்த ஆரம்பித்த பிறகுதான் குட்டி சிஸ்டர் முகத்தைப் பார்த்தாள்; அவன்தான். பார்த்தும் நிறுத்தவில்லை. வெகுநேரம் போராடினார்கள். டாக்டர் நிறுத்தச் சொன்னார். எல்லோர் கையும் விலகியது. அவள் கை மட்டும் அழுத்திக்கொண்டே இருந்தது.

“போதும் சிஸ்டர்,” என்று டாக்டர் அவள் தோளைப் பிடித்தார்.

டாக்டர் சொன்னதைக் கேட்டு அக்கா அலறவில்லை. சிஸ்டரின் முகத்தையே பார்த்தாள்.

“நீங்க சொன்னதெல்லாம் செஞ்சேனே சிஸ்டர். எதையாச்சும் விட்டுட்டேனா?”

“ஒண்ணுகூட விடலம்மா. அவர் இத்தன நாள் இருந்ததே உங்களாலதான்.”

“அப்புறம் ஏன்?”

“தெரியலம்மா,” என்றாள் சிஸ்டர்.

பிரேதப் பரிசோதனைக்கு எடுத்துப் போகும் முன் அவனைப் பார்க்க அக்காவை உள்ளே விட்டார்கள். சிஸ்டர் அவன் முகத்தைத் துடைத்து, தலையை வாரிவிட்டிருந்தாள்.

“வகிடு அந்தப் பக்கம் இல்ல,” என்றாள் அக்கா. சீப்பை வாங்கி, வாரிய தலையைக் கலைத்து, இடது பக்கம் வகிடெடுத்தாள். அதன் பிறகும் நெடுநேரம் வாரிக்கொண்டே இருந்தாள். யாரும் அந்தச் சீப்பைக் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் சிஸ்டர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். “அம்மா, உங்களையும் கேட்டுத்தான் ஆகணும். நீங்களும் போயிடணும்னு தோணுதா?”

அக்கா தரையைப் பார்த்தாள். “செத்துப்போகணும்னு இல்ல சிஸ்டர். ஆனா அந்த வீட்டுக்குள்ள எப்படிப் போறதுன்னு தெரியல.”

“கூட யார் இருப்பாங்க?”

“சித்தி மக வர்றா. வந்து சேர நாளைக்கு ஆயிடும்.”

சிஸ்டர் உள்ளே போய் விடுப்பு சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வந்தாள். டாக்ஸி பிடித்து இருவரும் அக்காவின் வீட்டுக்குப் போனார்கள். மழை விட்டிருந்தது. வீட்டு வாசலில் அவனுடைய செருப்பு, ஒன்று நிமிர்ந்தும் ஒன்று கவிழ்ந்தும் கிடந்தது. அக்கா குனிந்து கவிழ்ந்ததைத் திருப்பி வைத்தாள். சாவியை எடுத்து சிஸ்டரின் கையில் கொடுத்தாள்.

“நீங்க திறங்க சிஸ்டர். எனக்குக் கை வரல.”

சிஸ்டர் திறந்தாள். இருவரும் உள்ளே போனார்கள்.