ஐந்தாம் எண்ணும் ஆறாம் எண்ணும்

அந்த வாரம் இரண்டாவது முறையாக இன்ஜின் மேசையிலிருந்து விழுந்தது. ஜன்னலோர வளைவில், சோலை வேகத்தைக் குறைப்பதற்குள்.

மனைவி திவ்யா எடுத்துக் கொடுத்தாள். முன்பக்கக் கம்பி ஒன்று ஒடிந்திருந்தது. கைக்குள் அடங்கும் நீல நிற டீசல் இன்ஜின். நிஜத்தில் அவர் பல வருடம் ஓட்டிய வகை. சோலை அதை வாங்கவில்லை. தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது நடுங்கியது. சொன்னபடி கேட்க அதற்கு நேரம் பிடித்தது.

நரம்பு நோய் என்று தெரிந்ததும் ரயில்வே அவரை இன்ஜினிலிருந்து இறக்கி அலுவலக நாற்காலியில் உட்காரவைத்தது. கொஞ்ச நாள் உட்கார்ந்தார். பிறகு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ஆனையூர் வீட்டின் பின்னறையில் இந்த மேசையைப் போட்டார். கூடல்நகர் ஸ்டேஷன் பக்கம் போகும் வண்டிகளின் சத்தம் அந்த அறைக்குக் கேட்கும்.

பொம்மை ரயில் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. இன்ஜினுக்குள் ஒரு சிப் இருந்தது. கையிலிருக்கும் கருவியில் குமிழைத் திருப்பினால் கட்டளை தண்டவாளம் வழியாகச் சிப்புக்குப் போகும். எவ்வளவு வேகம் என்று சிப்தான் முடிவு செய்யும். அதற்குள் எண்ணிட்ட அமைப்புகள் உண்டு. ஐந்தாம் எண் உச்ச வேகம். அதில் சோலை நூற்றெண்பது வைத்திருந்தார். குமிழை முழுதாகத் திருப்பினாலும் வண்டி அதைத் தாண்டாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் தூங்கியதும் திவ்யா பின்னறைக்குப் போனாள். ஒத்தக்கடைக் கல்லூரி ஒன்றில் அவள் கணக்கு நடத்துகிறாள். எண்கள் அவளைப் பயமுறுத்தவில்லை. ஓரத்தில் தனியாக இருந்த துண்டுத் தண்டவாளத்தில் இன்ஜினை வைத்தாள். அவர் எண்களை மாற்றுவதை அவள் பார்த்திருக்கிறாள். நூற்றெண்பதை நூற்று நாற்பதாக்கினாள்.

அன்று மாலை சோலை குமிழை முழுதாகத் திருப்பினார். இன்ஜின் வளைவைத் தாண்டி வந்தது. மறுபடியும் தாண்டியது. அவள் அடுப்படிக்குப் போய்ச் சும்மா நின்றாள்.

புரட்டாசியில் கை இன்னும் மெதுவானது. அவள் தொண்ணூறாக்கினாள்.

தீபாவளிக்கு முந்தின வாரம் முத்துப்பாண்டி வந்தான். சோலையிடம் உதவி டிரைவராக இருந்தவன். இப்போது அவனே ஓட்டுகிறான். இனிப்புப் பெட்டியைத் திவ்யாவிடம் கொடுத்துவிட்டு, இளைத்துவிட்டீர்கள் மதினி என்றான். சோலை இளைத்திருந்ததைப் பற்றிப் பேசவில்லை. பின்னறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இன்ஜின் ஷெட்டில் யார் எங்கே மாறினார்கள், யாருக்கு மெமோ வந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தான். சோலை வண்டியை ஓடவிட்டார். குமிழ் முழுதாகத் திரும்பியதும் இன்ஜின் உறுமியது. அந்தச் சத்தம் நிஜ இன்ஜினிலிருந்து பதிவு செய்தது.

முத்துப்பாண்டி காதைச் சாய்த்தான்.

"என்னண்ணே, முழு வேகத்துக்கு, எட்டாம் நாட்ச்ல கத்துது. மாட்டு வண்டி கணக்கா போகுது."

காபியோடு வந்த திவ்யா வாசலில் நின்றுவிட்டாள்.

"லோடு ஜாஸ்திடா," என்றார் சோலை.

"ரெண்டு பெட்டிதானண்ணே."

"ரெண்டுலயும் உன்னைய மாதிரி ஆளுகளா ஏத்தியிருக்கேன்."

முத்துப்பாண்டி சிரித்தான். பேச்சு வேறு பக்கம் போனது.

அவன் பைக் தெருமுனையைத் தாண்டியதும் அவள் பின்னறைக்கு வந்தாள். சோலை குமிழைப் பின்னால் திருப்பிக்கொண்டிருந்தார். அதற்குள் வண்டி ஒரு சுற்று வந்துவிட்டது.

"எப்பருந்து தெரியும், மாமா?"

"மொத நாளே. காது நல்லாத்தான இருக்கு."

அவள் காலி டம்ளர்களை எடுத்து அடுக்கினாள்.

"நீ அஞ்சாம் நம்பரை மட்டும் கொறச்சிட்ட," என்றார். "ஆறாம் நம்பருன்னு ஒண்ணு இருக்கு."

ஆறாம் எண் நடு வேகம். குமிழ் பாதியில் இருக்கும்போது போகும் வேகம். அதில் அவர் நூறு வைத்திருந்தார். அவள் உச்சத்தைத் தொண்ணூறாக்கிய அன்று, பாதி திருப்பினால் வண்டி ஓடியது, முழுதாகத் திருப்பினால் மெதுவானது. வளைவுக்காகக் குமிழைப் பின்னால் திருப்பியபோது வேகம் கூடி, மறுபடி விழப் பார்த்தது. மறுநாள் அவள் கல்லூரிக்குப் போன பிறகு அவரே ஆறாம் எண்ணை நாற்பத்தைந்து ஆக்கியிருந்தார். பொத்தான்கள் சிறியவை. ஒவ்வொரு முறையும் விரல் பக்கத்துப் பொத்தானில் விழுந்தது. காலையில் உட்கார்ந்தவர் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தார்.

இதை அவர் துண்டு துண்டாகச் சொன்னார். குரலும் இப்போது சின்னதாகிவிட்டது.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல," என்றாள்.

"நீ சொல்லியிருக்கலாம்."

அவர் கருவியை மேசைமேல் வைத்தார்.

"வேகத்தைக் கொறைக்கிறது தப்பில்ல திவ்யா. டிரைவருக்குச் சொல்லாமக் கொறைக்கக் கூடாது."

தண்டவாளத்தில் வேலை நடந்தால், எந்த இடத்தில் எவ்வளவு வேகம் என்று ஸ்டேஷனில் டிரைவரிடம் காஷன் ஆர்டர் கொடுப்பார்கள். அவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் வண்டி கிளம்பும். ஓடும்போது உதவி டிரைவர் கையை உயர்த்தி அதைக் குரல் கொடுப்பார். டிரைவர் கையை உயர்த்தித் திருப்பிச் சொல்ல வேண்டும். திருமணமான புதிதில் அவர் தூக்கத்தில்கூட அப்படிக் கையைத் தூக்குவார். அவள் பயந்திருக்கிறாள்.

மறுநாள் மாலை அவர் மேசை முன் உட்கார்ந்ததும் திவ்யா பக்கத்தில் வந்து நின்றாள். வலது கையை உயர்த்தினாள்.

"காஷன். தொண்ணூறு."

அவர் அவளைப் பார்க்கவில்லை. எதிரே வளைவைப் பார்த்தார். கை உயர்ந்தது.

"தொண்ணூறு."

வண்டி கிளம்பியது.

மார்கழியில் எழுபது. தையில் ஐம்பத்தைந்து. விரல்கள் அடியோடு கேட்காமல் போனபோது ஆறாம் எண்ணையும் அவளே மாற்றினாள். எவ்வளவு என்று அவர்தான் சொன்னார். அவளாக வைக்கவில்லை.

மாசியில் ஒரு மாலை அவரைத் தாங்கிக் கொண்டுவந்து உட்காரவைத்தாள். குமிழின்மேல் அவர் விரல்களை வைத்தாள். பிறகு நிமிர்ந்து கையை உயர்த்தினாள்.

"காஷன். நாற்பது."

அவர் கை மேசையை விட்டு எழுந்தது. பாதியில் நின்றது. மறுபடி எழுந்தது. உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை.

கூடல்நகர் பக்கம் ஒரு வண்டி ஹாரன் அடித்துப் போனது. அதன் ஓசை அடங்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

அவர் மறுபடி வாயைத் திறந்தார்.

கருவி அவளுக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஒரு விரலால் குமிழைத் திருப்பிவிடலாம். பதில் வராமல் வண்டியை எடுக்கக் கூடாது.

அவள் கையை இறக்காமல் நின்றாள்.