வயிறு பேசாத அரை நிமிடம்

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்துக் கடைசியில் எடுத்து நீட்டும் சாமர்த்தியம் எனக்குப் போதாது.

ஒரு மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில், எனக்கு முன் வரிசையில் ஒரு பெண் தன் கணவரிடம் சொன்னாள்: "எனக்குப் பயம் வர்றதுக்கு முன்னாடியே என் வயித்துக்கு வந்துடுதுங்க."

அவர், "மெதுவாப் பேசும்மா, டென்ஷன் ஆகிடப்போற," என்றார்.

அவ்வளவுதான் கேட்டேன். என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வந்தபோது அந்த நாற்காலிகளில் வேறு யாரோ இருந்தார்கள். இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2.

எதையும் வரிசையாக வைத்துப் பார்ப்பது என் வழக்கம். தொடக்கங்களையும் அப்படியே வைக்கிறேன்.

தொடக்கம் ஒன்று: "கதவு படாரென்று திறந்தது. சிவந்த முகத்தோடு முதலாளியம்மா உள்ளே வந்து—"

நிறுத்திவிட்டேன். கதவு படாரென்றதுமே கதாநாயகி கழிப்பறைக்கு ஓடிவிட்டாள். முதலாளியம்மா யாரைப் பார்த்துக் கத்துவது?

தொடக்கம் இரண்டு: "தொலைபேசியில் வந்த செய்தியைக் கேட்டதும் அவளுக்கு—"

இதுவும் ஓட்டம்தான்.

தொடக்கம் மூன்று: "அவள் நிம்மதியாக இருந்தாள்."

நல்ல வாக்கியம். ஆனால் அதற்குப் பின்னால் எந்த வாக்கியமும் வந்து நிற்க மறுக்கிறது.

சிக்கல் உங்களுக்கும் புரிந்திருக்கும். கதைக்கு நெருக்கடி வேண்டும். இவளுக்கோ நெருக்கடி ஆகாது. நான் ஒரு திருப்பம் வைத்தால் அது நேராக அவள் குடலில் போய்த் திரும்புகிறது. ஆகவே இந்தக் கதையில் யாரும் சாகமாட்டார்கள், எந்த ரகசியமும் வெடிக்காது. ஒரே ஒரு நெருக்கடி உண்டு. அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அவள் அரை நிமிடம் சத்தமில்லாமல் உட்கார வேண்டும்.

3.

அவளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். புத்தகங்களை வாய்விட்டுப் படித்து ஒலிப்பதிவு செய்கிறாள். நாலு சுவரிலும் பஞ்சு அடித்த சின்ன அறை, முன்னால் மைக், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர். ஊரே அவரைக் 'காது' என்றுதான் கூப்பிடும். அவள் மட்டும் மரியாதையாகக் 'காதண்ணே' என்பாள்.

அவளுக்குப் பல வருடங்களாகப் பெருங்குடல் அழற்சி. அடங்கியிருக்கும், கிளம்பும், மறுபடி அடங்கும். மைக் ஒன்றையும் விடாது. அவள் வயிறு புரளும் சத்தத்தை அவளுக்கு முன்பே காதண்ணன் கேட்டுவிடுவார். "கிளம்பிடுச்சும்மா, போயிட்டு வா," என்று பதிவை நிறுத்துவார். கூச்சப்படக்கூட நேரமில்லாத நட்பு அது.

மருத்துவர் அவளிடம் சொன்னதை இங்கே அப்படியே வைக்கிறேன்.

"மனசுனால வந்த வியாதின்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. உள்ள புண்ணு இருக்கு, மாத்திரைய விடக் கூடாது. ஆனா குடலச் சுத்தி நரம்பு வலை மாதிரி பின்னிக் கெடக்கு. மூளைக்கும் அதுக்கும் பேச்சு ஓடிக்கிட்டே இருக்கும், ரெண்டு பக்கமும். நீங்க பதறினா அது முறுக்கிக்கும். அது முறுக்கினா நீங்க பதறுவீங்க."

"அப்ப யார் மொதல்ல நிறுத்தறது டாக்டர்?"

"அதத்தான் நானும் எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கப் பாக்கறேன்," என்று அவர் சிரித்தார்.

(இடையில் ஒரு குறிப்பு. நாம் பேசும் மொழிக்கு இதெல்லாம் எப்போதோ தெரியும் போலிருக்கிறது. பயம் வந்தால் நமக்கு வயிற்றில் புளி கரைகிறது. பொறாமை வந்தால் வயிறு எரிகிறது. நல்ல சேதி சொன்னால் வயிற்றில் பால் வார்க்கிறார்கள். நெஞ்சுக்கு நாம் கொடுத்த பெயரில் பாதியை உழைத்துச் சம்பாதித்தது வயிறு. இதை நீட்டினால் கட்டுரையாகிவிடும். நிற்க.)

4.

கணவரைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. லிஃப்ட் பழுது பார்ப்பவர், நல்ல மனிதர். இவ்வளவு நல்லவரை வாசகர் நம்புவாரா? குடிக்க வைக்கலாமா என்று யோசித்தேன். மனம் வரவில்லை. பிறகுதான் அவருடைய நல்ல குணத்திலேயே குறை இருப்பது கண்ணில் பட்டது.

மருத்துவர் சொன்ன நாளிலிருந்து அவர் வீட்டையே பஞ்சு அறையாக்கிவிட்டார். கிசுகிசுப்பாகப் பேசினார். பாத்திரங்களைத் தூங்கும் குழந்தையைப் போல் கீழே வைத்தார். அவள் சமையலறைக்குள் வந்தால் தொலைபேசியைப் பாதிப் பேச்சில் அணைத்தார்.

"காலிங் பெல்லு எங்கங்க?"

"கழட்டிட்டேன்."

"யாராச்சும் வந்தா?"

"வந்தா போயிடுவாங்க."

"போன்ல யாரு?"

"யாருமில்ல. நீ எதையும் மனசுல போட்டுக்காத."

போட்டுக்கொள்ள எதையுமே சொல்லாவிட்டால், மனசு தானாகத் தேடி எடுத்துப் போட்டுக்கொள்ளும். அணைத்த தொலைபேசிக்குப் பின்னால் யார் செத்தார்கள், யாருக்கு வேலை போயிற்று என்று அவள் வயிறு விடியும்வரை விசாரணை நடத்தியது. (பேசியது அவர் தங்கை. குழம்புக்கு உப்பு கூடிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாள்.)

5.

இனி நெருக்கடி. பயப்படாதீர்கள், நான் கூடவே இருக்கிறேன்.

பெரிய நாவல் ஒன்றை மாதக்கணக்காகப் படித்துக் கடைசி அத்தியாயத்துக்கு வந்திருந்தாள். நோய் கிளம்பியதில் பல நாள் வீண். ஒலிப்பதிவுக் கூடத்து முதலாளியம்மாவை முதலில் கொடுமைக்காரியாக எழுதி, பிறகு அடித்துவிட்டேன். அவள் பக்கமும் நியாயம் இருந்தது. "நானும் எவ்வளவுதாம்மா தள்ளிப் போடுவேன்? இன்னைக்கு முடியலன்னா வேற குரல வெச்சு மொதல்லேர்ந்து படிக்கணும். பாதிக்குப் பாதி ரெண்டு குரல் ஒட்டாது," என்றாள். இத்தனை மாத உழைப்பும் போய்விடும். அதைவிட, இனி யார் அவளை நம்பிப் பெரிய புத்தகம் கொடுப்பார்கள்?

அன்று அத்தியாயத்தைப் படித்து முடித்துவிட்டாள். நன்றாகவே படித்தாள். ஆனால் நடுநடுவே வயிறு பேசிய இடங்களைக் காதண்ணன் வெட்டி எடுத்திருந்தார். வெட்டின இடங்களை வெறுமையாக விட்டால் காதில் குழி விழும். அந்த அறையின் மௌனத்தை அரை நிமிடம் தனியாகப் பதிந்து, குழிகளில் அதை ஒட்ட வேண்டும்.

"போன வாரம் எடுத்தது இருக்குமே காதண்ணே?"

"புது ஏசி போட்டுட்டாங்கல்ல. பழைய மௌனம் இதுல ஒட்டாதும்மா."

"நான் வெளிய வந்துடறேன், காலி ரூம எடுத்துக்கோங்க."

"ஆள் இருக்கற ரூம் வேற, இல்லாத ரூம் வேற. நீ உக்காந்தே ஆகணும்."

படிக்கும்போது அவளுக்கு வயிறு நினைவுக்கே வராது, கதை தாங்கிக்கொள்ளும். சும்மா உட்காரச் சொன்னதும் உடம்பில் வயிறு ஒன்றுதான் மிச்சமிருந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது.

கொர்ர்ர்.

"பரவால்லம்மா. இன்னொரு தடவ."

மறுபடி விளக்கு. கண்ணாடி வழியே பார்த்தாள். காதண்ணன், முதலாளியம்மா, அவளை அழைத்துப்போக வந்திருந்த கணவர், மூவரும் கன்னம் உப்ப மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தபடி நின்றார்கள். கணவர் ஒரு காலைத் தூக்கியிருந்தார், செருப்புச் சத்தம் வரக் கூடாதென்று. பேசும் பொத்தானை அழுத்தினாலொழிய அந்தப் பக்கத்துச் சத்தம் இந்தப் பக்கம் வராது என்பது முப்பது வருடமாக அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் காதண்ணனுக்குக்கூட மறந்துவிட்டது.

கொர்ர். கீச். கொர்ர்ர்ர்.

கழிப்பறைக்குப் போய்வந்தாள். வந்ததும் உட்காராமல் மைக்கைப் பார்த்துச் சொன்னாள்:

"தயவு பண்ணி எல்லாரும் மூச்சு விடுங்க."

"நாங்க சும்மாதானேம்மா இருந்தோம்?" என்று பொத்தானை அழுத்திக் கேட்டார் கணவர்.

"அந்தச் சும்மாவத்தாங்க என்னால தாங்க முடியல. வீட்லயும் இதேதான். உங்க மூஞ்சியப் பாத்தா என்னமோ நடக்கப்போகுதுன்னு என் வயிறு எந்திரிச்சு நிக்குது. எனக்காக ஒலகத்த நிறுத்தாதீங்க. அது பாட்டுக்கு ஓடட்டும்."

அவர் தூக்கிய காலைக் கீழே வைத்தார். முகம் தொங்கிப்போயிற்று.

"அப்ப நாங்க என்னதான் பண்ணணும்?" என்றாள் முதலாளியம்மா.

"என்னவாச்சும் பேசுங்க. இங்க கேக்காது. எங்க வீட்டுக்காரர்கிட்ட லிஃப்ட்டப் பத்திக் கேளுங்க, மூச்சு விடாமச் சொல்லுவாரு. ஐயோ, மூச்சு விட்டே சொல்லட்டும்."

காதண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். முதலாளியம்மா நிஜமாகவே கேட்டுவிட்டாள் போலிருக்கிறது. கணவர் முதலில் தயங்கினார். பிறகு ஒரு கை மேலே போயிற்று, ஒரு கை கீழே வந்தது. அவர் உள்ளங்கைகளில் லிஃப்ட் கதவு திறந்தது, மூடியது, நடுவில் எதுவோ மாட்டிக்கொண்டது. முதலாளியம்மா அதைத் திருத்த ஏதோ யோசனை சொல்ல, அவர் தலையில் அடித்துக்கொண்டார். யாரும் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோள் தானாக இறங்கியது. வயிற்றில் இருந்த முடிச்சு கொஞ்சம் நெகிழ்ந்தது. போகவில்லை, நெகிழ்ந்தது.

6.

முடிவுகளையும் வரிசையாக வைக்கிறேன்.

முடிவு ஒன்று: அரை நிமிடம் சுத்தமாகக் கிடைத்தது, நோயும் அன்றோடு— இல்லை. சிரித்தால் தீரும் நோய் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நாளைக்கும் மாத்திரை உண்டு. கிளம்பும் நாளும் வரலாம்.

முடிவு இரண்டு: வயிறு பேசிவிட்டது. காதண்ணன் அதை வெட்டாமல் புத்தகத்திலேயே விட்டுவிட்டார். கேட்டவர்கள் தூரத்து இடி என்று நினைத்து—

இது அழகாக இருக்கிறது. அதனாலேயே எனக்கு நம்பிக்கையில்லை.

முடிவு மூன்று: வேறு குரல். இதை நான் எழுதப்போவதில்லை. எழுத்தாளன் என்ற முறையில் இது கோழைத்தனம் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

நடந்தவரை சொல்கிறேன். அவள் உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கணவரின் கைகளில், லிஃப்ட் ஏதோ ஒரு மாடியில் நின்றுகொண்டிருந்தது. காதண்ணன் விரலை உயர்த்தினார். சிவப்பு விளக்கு எரிகிறது.

இந்த இடத்தில் நானும் வாயை மூட வேண்டும். நான் பேசினால் பதிவாகிவிடும். அறையில் இப்போது அவளும் நீங்களும்தான். ஒரே ஒரு விண்ணப்பம்: மூச்சை அடக்காதீர்கள். அவளையே பார்க்கவும் வேண்டாம். காலை நீட்டிக்கொண்டு, சாதாரணமாக, அரை நிமிடம் சும்மா இருங்கள். அதற்குள் ஏதாவது சத்தம் கேட்டால், அது அவள் வயிறா உங்கள் வயிறா என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.