இடது கண்ணுக்கு ஒரு சொட்டு

"மேலே பாரு" என்றார் அவர்.

அவள் மேலே பார்த்தாள். கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தவளுக்கு நேர் மேலே சீலிங்கில் ஈரம் கோத்த கறை ஒன்று இருந்தது. தினமும் காலையும் மாலையும் அதைப் பார்த்துப் பார்த்து அதன் ஓரங்கள் மனப்பாடம் ஆகியிருந்தன. வலது கண்ணில் சொட்டு விழுந்தாயிற்று. இடது கண்ணின் கீழிமையை அவருடைய விரல் இழுத்துப் பிடித்திருந்தது. எத்தனை முறை சோப்பு போட்டாலும் போகாத கிரீஸ் வாடை அந்த விரலில். லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டவளுக்கு அது பழகிப்போன வாடைதான்.

விரல் விலகியது. சொட்டு விழவில்லை.

"என்னங்க, குறி பாக்கறீங்களா? கழுத்து வலிக்குது எனக்கு."

பதில் இல்லை. இப்படிக் காக்க வைத்து விளையாடுவது அவருக்கு வழக்கம். துணி மூட்டை சரிந்ததுபோல் ஒரு சத்தம் கேட்டது. அப்போதும் அவள் அசையவில்லை. கண்ணைச் சிமிட்டினால் "கெடுத்துட்டியே" என்று சத்தம் போடுவார் என்று, விழித்த கண்ணோடு அந்தக் கறையையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

எழுந்து பார்த்தபோது அவர் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் சரிந்து உட்கார்ந்திருந்தார். மூடி திறந்த மருந்து பாட்டில் கையிலேயே இருந்தது.

எதிர் வீட்டு வாத்தியார் ஓடி வந்தார். அவர் அழைத்து வந்த டாக்டர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, "மாரடைப்பும்மா. வலிகூடத் தெரிஞ்சிருக்காது" என்றார். அவள் தலையாட்டினாள். பிறகு புருஷனின் விரல்களைப் பிரித்துப் பாட்டிலை எடுத்து, மூடியைத் தேடி மூடி, இடுப்பில் செருகிக்கொண்டாள். ஏன் அதை முதலில் செய்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

பத்து மணிக்கெல்லாம் வீடு நிறைந்துவிட்டது. அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் அவள். வந்தவர்கள் முதலில் அவர் முகத்தைப் பார்த்தார்கள், அடுத்து அவள் கண்ணைப் பார்த்தார்கள். கண் காய்ந்து கிடந்தது. ஓரங்கள் மட்டும் சிவந்து, அடுப்பு ஊதியவள் கண்போல இருந்தது.

அவருடைய அக்கா வந்தாள், இவளுக்கு அண்ணி. வாசலிலேயே அழுகை ஆரம்பித்துவிட்டது. "என் தம்பி... என் தம்பி" என்று மார்பில் அடித்துக்கொண்டு விழுந்தவள், ஒரு பாட்டம் அழுது முடித்ததும் நிமிர்ந்து இவளைப் பார்த்தாள். சற்று நேரத்தில் சமையலறையிலிருந்து அவள் குரல் கேட்டது. அண்ணி ரகசியம் பேசினாலும் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

"முப்பது வருஷம் குடும்பம் நடத்தினவ. ஒரு சொட்டு வரலையே, பாத்தீங்களா? கல்லு நெஞ்சு."

கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கோபம் வரவில்லை. அதே கேள்வி அவளுக்கும் இருந்தது.

இரண்டு வருஷமாகக் கண்ணில் மணல் விழுந்தாற்போல் இருந்தது. ரெடிமேட் கம்பெனியில் செக்கிங் வேலை அவளுக்கு. ட்யூப்லைட்டுக்குக் கீழே ஒவ்வொரு சட்டையாக விரித்து, விட்டுப்போன தையலைக் கண்டுபிடிக்க வேண்டும். கண் எரிந்து எரிந்து, நல்ல சட்டையைத் தள்ளி ஓட்டைச் சட்டையை அனுப்பி, சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். மாதவிலக்கு நின்ற அதே வருஷம் அது. இரண்டுக்கும் மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் உள்ள சம்பந்தம்தான் என்று நினைத்திருந்தாள்.

கண் டாக்டரம்மா சம்பந்தம் உண்டு என்றாள். "அந்த வயசுல ஹார்மோன் குறையுதும்மா. இமை ஓரத்துல எண்ணெய் சுரக்கிற சின்னச் சின்ன சுரப்பி இருக்கு. அதுவும் அதோட மந்தமாயிடும். மேல எண்ணெய் இல்லைன்னா கண்ணுல உள்ள தண்ணி சீக்கிரம் ஆவியாயிடும். வெதுவெதுன்னு துணி ஒத்தடம் குடுங்க, வேலைல அடிக்கடி கண்ணை சிமிட்டுங்க, சொட்டு மருந்தை விட்டுடாதீங்க."

"அப்போ அழுதா சரியாப் போயிடுமா டாக்டர்?" என்று கேட்டவர் கூட வந்திருந்த அவர்தான்.

டாக்டரம்மா சிரித்தாள். "அழுகை வேற ஊத்து சார். அது பெரும்பாலும் வத்தாது. சில பேருக்கு அதுவும் கொறையும்."

அதுதான் இப்போது அவளைப் போட்டு வாட்டியது. வற்றியது கண்ணா, நெஞ்சா? டாக்டரம்மா இரண்டு பக்கமும் கதவைத் திறந்து வைத்துவிட்டாள்.

வெளியில் யாரிடமும் இதை அவள் சொல்லவில்லை. மகளிடம்கூட இல்லை. தூரம் நின்றதைப் பற்றி யாரிடம் என்னவென்று பேசுவது? அவருக்கு மட்டும் தெரியும். அவளாகச் சொட்டு விட்டால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கன்னத்துக்கு ஊற்றுவாள். அதனால் அந்த வேலையை அவர் எடுத்துக்கொண்டார். லிஃப்டில் எந்தச் சாமானை மாற்றினாலும் மாற்றிய தேதியை மார்க்கரால் எழுதுவது அவர் பழக்கம். மருந்து பாட்டிலிலும் திறந்த தேதியை எழுதினார். ஒரு மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று டாக்டர் சொன்னதை அவளைவிட அவர்தான் ஞாபகம் வைத்திருந்தார்.

"பாத்துக்கோ செக்கிங் மேடம், நான் செத்தா இதுதான் உனக்குக் கைகொடுக்கும்" என்பார். "ரெண்டு சொட்டு கூடவே விட்டுக்கோ. ஊரே மெச்சும்."

"வாயைக் கழுவுங்க" என்பாள் அவள்.

மதியம் மகள் வந்து சேர்ந்தாள். அப்பாவின் கால்மாட்டில் அழுது ஓய்ந்தபின் அம்மாவை அறைக்குள் அழைத்துப் போனாள். இடுப்பில் துருத்திக்கொண்டிருந்த பாட்டில் கண்ணில் பட்டுவிட்டது.

"என்னம்மா இது? உனக்கா? எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா."

"சொல்லவே இல்லையே!" மகள் அவள் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "கண்ணு ரத்தமா இருக்கும்மா. படு, நான் விடறேன்."

"வேணாம்."

"எரியுமேம்மா."

"எரியட்டும். இப்போ விட்டா கன்னத்துல வழியும். வெளியில போனா அழுதுட்டான்னு சொல்லுவாங்க. அவரு முன்னாடி பொய்யா ஒண்ணு வேணாம்மா."

மகள் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். புரிந்ததோ இல்லையோ, அம்மாவின் முந்தானையைச் சரிசெய்துவிட்டாள்.

நிஜமாக ஒரு சொட்டு, அவரைக் கொண்டுபோவதற்குள். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். கூடத்தில் உட்கார்ந்து முயன்று பார்த்தாள். கல்யாணமான புதிதில் நின்றுபோன லிஃப்டுக்குள் இரண்டு பேரும் மாட்டிக்கொண்டதை நினைத்தாள். மகள் பிறந்தபோது கிரீஸ் கையோடு அவர் ஓடி வந்ததை நினைத்தாள். நெஞ்சு அடைத்தது. கண்ணுக்கு மட்டும் எதுவும் வந்து சேரவில்லை. நான்கு மணிக்கு வண்டி வந்தது. தூக்கினார்கள். அவள் எரிகிற கண்ணோடு பார்த்துக்கொண்டே நின்றாள்.

எல்லாம் முடிந்ததும், வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மகள் அழுத அசதியில் கூடத்திலேயே தூங்கிப்போனாள். அவள் படுக்கையறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். கட்டில் விரிப்பைக்கூட இன்னும் யாரும் சரிசெய்யவில்லை.

ஆறரை மணிக்குப் பீரோ மேலிருந்த அவருடைய போன் அடித்தது. தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. யாரும் கூப்பிடவில்லை. அலாரம். 'மேடம் கண்' என்று எழுதி வைத்திருந்தார்.

அதை நிறுத்திவிட்டுப் படுத்தாள். வலது கண்ணை விட்டுவிட்டாள், அதற்குக் காலையிலேயே அவர் கையால் கிடைத்துவிட்டது. இடது கண்ணுக்கு மேல் பாட்டிலைத் தூக்கிப் பிடித்து, "மேலே பாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கறையைப் பார்த்தாள். அமுக்கினாள். சொட்டு இமையில் பட்டுக் கன்னத்தில் வழிந்தது. மறுபடியும் அமுக்கினாள். அது காதுக்குள் போனது.

வாசலில் நிழல் தட்டியது. அண்ணி நின்றுகொண்டிருந்தாள். இவள் கன்னத்தைப் பார்த்ததும் அவள் முகம் உடைந்தது. ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் துடைத்தாள்.

"அழு. அழுதுடு, வெச்சுக்காதே. நான்தான் வாய் கெட்டவ, என்னென்னவோ பேசிட்டேன்."

சும்மா இருந்திருக்கலாம். ஊரும் உறவும் காலையிலிருந்து எதிர்பார்த்தது தானாக வந்து வாய்த்திருந்தது.

"இது கண்ணீர் இல்ல அண்ணி" என்றாள் அவள். "மருந்து. எனக்கு விட்டுக்கத் தெரியாது. அவருதான் விடுவாரு. காலையில ஒரு கண்ணுக்கு விட்டாரு. இன்னொரு கண்ணுக்கு விடறதுக்குள்ள..."

அண்ணி இவள் கையிலிருந்த பாட்டிலை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். மார்க்கரில் தம்பியின் சாய்ந்த எழுத்து. இன்றைய தேதி. அவள் கட்டைவிரல் அதை அழித்துவிடாமல் பக்கத்தில் நின்றது.

"எனக்கும் அந்த வயசுல இப்படித்தான்" என்றாள் மெதுவாக. "உள்ள மண்ணு இருக்கிற மாதிரியே அறுக்கும். தூசின்னு நெனச்சு வருஷக்கணக்கா கசக்கிட்டுத் திரிஞ்சேன். யாரு கேட்டா, யாருகிட்ட சொல்ல?" மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "எந்தக் கண்ணு?"

"இடது."

"படு."

படுத்தாள். அண்ணியின் விரல் கீழிமையை இழுத்துப் பிடித்தது. பாட்டில் மேலே வந்து நின்றது. அதற்குப் பின்னால் அவருடைய அதே நெற்றி, அதே வளைந்த புருவம்.

"மேலே பாரு" என்றாள் அண்ணி.

அவள் பார்க்கவில்லை.

"மேலே பாரும்மா, வெளியில விழுந்துடும்."

"விழட்டும் அண்ணி" என்று சொல்லிவிட்டு, அவள் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.