கழுவ வேண்டியதும் தூக்கிப் போட வேண்டியதும்

காவலாளி தாக், பிளாஸ்டிக் சாக்குக்குள் இடுப்பு வரை கவிழ்ந்திருந்தார். வியாழக்கிழமைகளில் இந்த அப்பார்ட்மெண்டில் குப்பை பிரிக்கும் வேலை. ஒரு பாட்டில் மூடி இடம் மாறினாலும் நகராட்சி வண்டிக்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். தலையை வெளியே எடுத்தபோது அவர் கையில் தூசி அப்பிய கறுப்பு வலைச்சட்டம் ஒன்று இருந்தது. சுவரோரம் ஏற்கெனவே ஒரு குவியல் கிடந்தது.

"தங்கச்சி, இங்க வா! உங்க கம்பெனி சாமானெல்லாம் என் தலையிலதான் வந்து விழுது."

சக்கரம் வைத்த கருவிப் பையை இழுத்துக்கொண்டு வந்த மியங்ஜா நின்றாள். கம்பெனி வாடகைக்கு விட்ட, காற்றைச் சுத்தம் பண்ணும் மெஷின்களை வீடு வீடாகப் போய்ப் பராமரிப்பது அவள் தொழில். முன்னால் இருக்கும் வலையைக் கழுவி மாட்டுவாள், பின்னால் இருக்கும் வெள்ளை மடிப்பு ஃபில்டரை எடுத்தெறிந்துவிட்டுப் புதுசு வைப்பாள். கதவு திறந்தால் கூலி. திறக்காவிட்டால் படியேறிய கால்வலிதான் மிச்சம்.

கோடையில் கம்பெனி புதுத் திட்டம் கொண்டுவந்தது. ஃபில்டர் பெட்டியில் வந்துவிடும், வீட்டுக்காரர்களே மாற்றிக்கொள்ளலாம், வாடகையும் குறைவு. பாதி வீடுகள் அதற்குத் தாவிவிட்டன. இன்னும் கொஞ்சம் வீடுகள் போனால், வருஷக் கடைசியில் இந்தப் பகுதியை வேறொருத்தியிடம் சேர்த்துவிடுவோம் என்று மேனேஜர் பாங் போன வாரம் காபி ஊற்றிக்கொண்டே சொன்னான். சேர்த்துவிட்டால் மியங்ஜா வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

"இது கழுவி மாட்டற வலை அண்ணே. இதை எதுக்குத் தூக்கிப் போட்டிருக்காங்க?"

"என்னைக் கேட்டா? நான் குப்பைக்குத்தான் காவலு, மெஷினுக்கு இல்ல."

"இதைத் தூக்கிப் போட்டாங்கன்னா, தூக்கிப் போட வேண்டியதை என்ன பண்ணாங்க?"

தாக் விரலை மேலே நீட்டினார். மியங்ஜா அண்ணாந்து பார்த்தாள். நவம்பர் வெயிலில் மாடி மாடியாகக் காலுறைகள், உள்பனியன்கள், முள்ளங்கிக் கீரைக் கட்டுகள். நடுநடுவே, கிளிப் மாட்டிச் சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டு வெள்ளை மடிப்பு ஃபில்டர்கள்.

அவள் பழைய அட்டைக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். சிரித்த சிரிப்பில் தொப்பி கழன்று விழுந்தது.

வலைகளை அள்ளிக்கொண்டு முதலில் ஐந்தாம் மாடி போக்சுன் வீட்டுக்குப் போனாள். சந்தையில் பதார்த்தக் கடை வைத்திருக்கும் போக்சுன், அன்று கடைக்கு லீவு விட்டு, குளிர்காலத்துக்குக் கிம்ச்சி என்ற கோஸ் ஊறுகாய் போட்டுக்கொண்டிருந்தாள். கூடம் முழுக்கப் பக்கத்து வீட்டுப் பெண்கள், முழங்கை வரை மிளகாய் விழுது.

"வாடி! நீதான் இப்போ எங்க வீட்டுக்கு வர்றதில்லையே!"

"நீங்கதானக்கா என்னை நிறுத்தினீங்க. மெஷின் எப்படி ஓடுது?"

"அதை ஏன் கேக்கற. பட்டனைத் தட்டினா வீடு பூரா பூண்டு வாடை. சுத்தம் பண்ற மெஷினா, குழம்பு வைக்கற மெஷினான்னு என் புருஷன் கேக்கறான்."

மியங்ஜா குளியலறைக்குள் எட்டிப் பார்த்தாள். தொட்டி நிறைய உப்புத் தண்ணீரில் முட்டைக்கோஸ் ஊறியது. அதன் ஓரத்திலேயே, பக்குவமாகச் சாய்த்துவைத்து, ஃபில்டரும் ஊறியது.

"அக்கா! இதையுமா கிம்ச்சி போடறீங்க?"

"கழுவணும்னு பெட்டியில போட்டிருந்துச்சுடி! வெள்ளையா இருக்கறதைத்தானே கழுவுவாங்க? கறுப்பா இருந்ததைக் குப்பையில போட்டேன்."

"கறுப்பைத்தான் கழுவணும். வெள்ளை காகிதம் மாதிரிக்கா, தண்ணி பட்டா செத்துப்போச்சு."

கூடத்தில் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருத்தி மெதுவாக, "என்னுது துணி மெஷின்ல சுத்துது" என்றாள். "நான் ஷாம்பூ போட்டேன்" என்றாள் இன்னொருத்தி. அவ்வளவுதான், சிரிப்பு பொத்துக்கொண்டு கிளம்பியது. மிளகாய்க் கையால் கண்ணைத் துடைத்துவிட்டு ஒருத்தி அலறினாள். அதற்கும் சிரித்தார்கள்.

போக்சுன் கையைக் கழுவிக்கொண்டு போனை எடுத்தாள். "கம்பெனியா? எனக்குப் பெட்டி வேண்டாம், மியங்ஜாவை அனுப்புங்க. எதைக் கழுவறது, எதை எறியறதுன்னு அவ பாத்துக்குவா. அவ வந்தா ரெண்டு வார்த்தை பேசவும் ஆளாச்சு." போன் கைமாறியது. ஒவ்வொருத்தியும் அதையே சொன்னாள்.

மியங்ஜாவின் வாயில் யாரோ வெந்த பன்றி இறைச்சியைக் கோஸ் இலையில் சுருட்டித் திணித்தார்கள். மென்றுகொண்டே அவள் மனம் நிறைந்து நின்றாள். சாயங்காலம் வரை வலைகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். போன இடமெல்லாம் சிரிப்பு, பழையபடி நீயே வா என்ற பேச்சு. ரூட்டு பிழைத்துக்கொண்டது என்று அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் கிளை ஆபீசில் இந்தக் கதையை நடித்தே காட்டினாள். ஷாம்பூ கட்டம் வந்தபோது பாங் மேஜையைத் தட்டிச் சிரித்தான். சிரித்த கையோடு தலைமை ஆபீசுக்கும் சொல்லிவிட்டான்.

அடுத்த வாரம் அவளைக் கூப்பிட்டார்கள். மேஜையில் கேக், அவள் கையில் பூச்செண்டு. எல்லோரும் கைதட்டினார்கள்.

"மியங்ஜா மேடம், உங்களால பெரிய பிரச்சினை தீர்ந்துச்சு!" என்றான் பாங். "இனிமே கழுவற வலைக்கு நீலப் பிடி, எறியற ஃபில்டருக்குச் சிவப்புப் பிடி. பெட்டி மேல படமும் வருது. சின்னக் குழந்தைகூட மாத்திடும். எல்லா வீட்டுக்கும் இனி பெட்டிதான்."

"என்னைத் திரும்பக் கேட்டவங்க வீட்டுக்குமா?"

"அவங்களுக்கு வாடகையில தள்ளுபடி கொடுக்கறோம் மேடம். மத்ததை அப்புறம் பேசலாம், முதல்ல கேக்கை வெட்டுங்க."

கேக் வெட்டியானதும், பெட்டி மேல் போடப்போகும் படத்தை எடுக்கிறவன் அவளைத் தண்ணீர்த் தொட்டிக்குக் கூட்டிப்போய்ப் புது வலை ஒன்றைக் கொடுத்தான். இவ்வளவு லாவகமாகப் பிடிக்க வேறு யாருக்கும் வரவில்லையாம். கேமராவைப் பார்த்து அவள் சிரித்தாள்.

"முகம் வராதும்மா, கை மட்டும்தான். அப்புறம், யூனிஃபார்ம் தெரியுது பாருங்க. வீட்டுக்காரங்க கை மாதிரி இருக்கணும்."

மியங்ஜா பூச்செண்டைக் கீழே வைத்தாள். கம்பெனிக் கோடு போட்ட சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்து, கோடு தெரியாதபடி உள்ளே செருகிக்கொண்டாள். பிறகு குழாயைத் திறந்து, எல்லோருக்கும் புரியும்படி, மெதுவாக வலையைக் கழுவிக் காட்டினாள்.