அரங்கசாமி ரத்தத்தில் எட்டு மாப்பிள்ளைகள்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். ஆனால் காரமடைக்காரர்கள் வீட்டில் அது செல்லாது. "ஏனுங்க அம்மணி, ஒரு வாய் காப்பி குடிச்சுபோட்டுத்தான் போகோணும்" என்று கையைப் பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள். அந்தக் காப்பியால்தான் தொண்ணூற்று நாலாம் வருஷம் ஆவணி மாதத்தில், ஒரு தகப்பனைச் சொந்த மகள் கல்யாணத்துக்கே போகவிடாமல் செய்யப் பார்த்தேன்.

நான் சாஜிதா பேகம். கோயமுத்தூர் கோட்டைமேட்டிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, காரமடையில் டாக்டர் வரதராஜுலுவின் ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை. ஆஸ்பத்திரி என்றால் மூன்று கட்டில், ஒரு மைக்ராஸ்கோப், அப்புறம் நான்.

அரங்கசாமி கறிவேப்பிலை லோடு ஏற்றிக்கொண்டு மங்களூர் போய் வருகிற லாரிக்காரர். கடைசியாகப் போய் வந்ததிலிருந்து அவருக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர் காய்ச்சல், அதுவும் சாயங்காலம் நாலு மணிக்கு டாணென்று வரும். வருகிற ஞாயிற்றுக்கிழமை மகள் செவ்வந்திக்குக் கல்யாணம். விரல் விட்டு எண்ணிப் பார்த்தால் ஞாயிறும் காய்ச்சல் முறைதான்.

"மலேரியாவாத்தான் இருக்கும். எதுக்கும் ரத்தம் எடுத்துட்டு வந்துரு" என்று டாக்டர் திங்கட்கிழமை என்னை அரங்கசாமி வீட்டுக்கு அனுப்பினார். போனேன். கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தவரிடம் ரத்தம் எடுத்து, உறையாமலிருக்க மருந்து போட்ட கண்ணாடிக் குழாயில் விட்டுக் கிளம்பினேன். அவர் மனைவி ராசம்மாள் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"ரத்தம் வெச்சிருக்கேனுங்க்கா. உடனே போய்ப் பார்க்கோணும்."

"ரத்தம் எங்கீங்க அம்மணி ஓடிப்போகுது? ஒப்பிட்டு சுட்டு வெச்சிருக்கேன், உக்காருங்க."

குழாயை ஜன்னலோரம் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். போளி மாதிரி இனிப்பாக இரண்டு ஒப்பிட்டு, ஒரு டம்ளர் காப்பி. அப்புறம் கூறைப்புடவையைப் பிரித்துக் காட்டினார்கள். ஜரிகையைத் தடவிப் பார்த்துவிட்டு எழுந்தபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு சொட்டைக் கண்ணாடி ஸ்லைடில் இழுத்து, சாயம் போட்டுப் பார்த்தேன். மலேரியாக் கிருமியை நூறு தடவை பார்த்திருக்கிறேன். சிவப்பணுவுக்குள் மோதிரம் மாதிரி அடக்கமாக இருக்கும். இது அணுக்களுக்கு வெளியே, நெளிநெளியாக, மெல்லிய நூல். புத்தகத்தைப் புரட்டினால் ஒரு பக்கத்தில் சுருள் கிருமி என்று போட்டிருக்கிறது. பேன் கடித்து வருமாம், விட்டுவிட்டுக் காய்ச்சல் அடிக்குமாம். இந்தப் பக்கத்தில் யாரும் காணாததை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று தலைகால் புரியவில்லை. அந்தப் பெருமையில் மோதிரம் இருக்கிறதா என்று தேடவே இல்லை.

டாக்டர் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். புதன்கிழமை காலையில் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், எட்டு நாளாவது தனி வார்டில் வைக்க வேண்டும் என்று கடிதம் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில், கடிதத்தோடு அனுப்புவதற்கு இன்னொரு ஸ்லைடு எடுக்கப் போனேன். கடிதச் சேதி எனக்கு முன்னாலேயே கல்யாண வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. அரங்கசாமி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"அப்பா இல்லாம எனக்குக் கல்யாணமே வேண்டாமுங்க" என்றாள் செவ்வந்தி.

அந்த நிலைமையிலும் ராசம்மாள் எனக்கென்று அடுப்பில் பாலை வைத்தார். என்னால் தாங்க முடியவில்லை. அரங்கசாமி விரலில் குத்தி, வந்த சொட்டை அங்கேயே ஸ்லைடில் இழுத்து, விசிறிக் காய வைத்து, காப்பி குடிக்காமலே ஓடி வந்துவிட்டேன். அந்த வீட்டிலிருந்து யாரும் அப்படிப் போயிருக்கமாட்டார்கள்.

வந்து சாயம் போட்டுப் பார்த்தால் ஒரு நூல்கூட இல்லை. அரை மணி நேரம் தேடினேன். நூலுக்குப் பதில் மோதிரங்கள்தான் இருந்தன. அசல் மலேரியா! நேற்றைய ஸ்லைடை எடுத்து மறுபடி பார்த்தேன். அதிலும் மோதிரங்கள் இருந்தன. என் கன்னத்தில் நானே நாலு வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அப்படியானால் அந்த நூல் என்ன? அதே ஆள், அதே ரத்தம். நேற்றைக்கும் இன்றைக்கும் ஒரே வித்தியாசம் காப்பிதான்.

அப்போதுதான் உறைத்தது. டிப்ளமோ படிக்கும்போது அந்தப் படத்தை நானே வரைந்திருக்கிறேன், ஆனால் கொசுவின் வயிறு என்ற தலைப்பில். மலேரியாவின் ஆண் கிருமி மனுஷ ரத்தத்தில் கல்யாணமாகாத பையனாகச் சும்மா உருண்டையாக உட்கார்ந்திருக்கும். கொசு உறிஞ்சினதும் சூடு குறையும். அதுதான் அதற்குச் சைகை. கால் மணி நேரத்துக்குள் தன் மரபுச் சரக்கை மூன்று தடவை இரட்டிப்பாக்கி, ஒன்று எட்டாகும். எட்டுக்கும் சாட்டை மாதிரி வால் முளைத்து, பெண் தேடி ஓடும். நான் ஜரிகையைத் தடவிக்கொண்டிருந்த நேரத்தில், ஜன்னலோரக் குழாயில் ரத்தம் ஆறிப்போய், மண்டபம் வந்துவிட்டது என்று நினைத்து எட்டெட்டு மாப்பிள்ளைகளாகப் புறப்பட்டுவிட்டார்கள்!

டாக்டரிடம் ஓடி எல்லாவற்றையும் சொன்னேன். "கடிதம் எழுதியாச்சு சாஜிதா. நீ காப்பி குடிச்சா கிருமிக்கு வால் முளைக்குமா?" என்று சிரித்தார்.

எனக்கு வந்ததே கோபம். "நான் சொன்னது தப்புங்க சார். அதை நானேதான் கண்டுபிடிச்சேன். கால் மணி நேரம் குடுங்க, கண்ணுல காட்டுறேன்" என்று சொல்லி, அரங்கசாமிக்கு ஆள் அனுப்பினேன்.

அப்பா, அம்மா, மகள் மூன்று பேரும் வந்தார்கள். ராசம்மாள் கையில் ஒரு பிளாஸ்க். "காலையில குடிக்காமப் போயிட்டீங்களே அம்மணி, மனசே ஆறலை" என்றார்.

ரத்தம் எடுத்துக் குழாயை மேஜையில் வைத்தேன். "இப்ப ஊத்துங்க்கா. எல்லாரும் மெதுவாக் குடிக்கோணும்" என்றேன். கிருமிக்காக டாக்டரும் நானும் நோயாளியும் சேர்ந்து காப்பி குடித்தது அந்த ஒரு நாள்தான்.

டம்ளர் காலியானதும், சாயம் போடாமல் ஒரு சொட்டை அப்படியே மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ஓர் உருண்டை கிடந்து துடித்தது. பக்கத்துச் சிவப்பணுக்களை இடித்தது. திடீரென்று ஒரு வால் வெளியே வந்தது, இன்னொன்று, அப்புறம் ஒன்று. நான் நாலு எண்ணினேன். புத்தகம் எட்டு என்கிறது. அதற்குள் ஒன்று அறுத்துக்கொண்டு ஓடியே போய்விட்டது.

"அடேங்கப்பா!" என்றார் டாக்டர். கண்ணை எடுக்கவேயில்லை. செவ்வந்திதான் அவரைத் தள்ளாத குறையாக நகர்த்திவிட்டுப் பார்த்தாள்.

"ஏனுங்க, எதுக்கு இப்படி அடிச்சுப்புடிச்சு ஓடுதுங்க?"

"பொண்ணு தேடி, கண்ணு."

அவள் இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். டாக்டர் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மலேரியா மாத்திரையை எண்ணிக் கொடுத்தார்.

புதன்கிழமை லேசாகக் காய்ச்சல் இருந்தது. வெள்ளிக்கிழமை இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாலி கட்டியாயிற்று, பந்தி முடிந்தது, கடிகாரம் நாலைத் தொட்டது. செவ்வந்தி மாமியார் வீட்டுக் காரில் ஏறினாள். அரங்கசாமி வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. உடம்பு முழுக்க நடுங்கியது.

கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடி அவர் நெற்றியில் கை வைத்தேன். சில்லென்று இருந்தது.

"காச்சல் இல்லீங்க அம்மணி" என்றார், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு. "புள்ளை போகுதுங்க."